நெயில் பாலிஷுக்கு அடியில் டோரீன்

போன சனிக்கிழமை நான் அஸ்தினாபுரம் போனதற்கு ஒரே காரணம் கோபம். பழைய பீங்கான் சேகரிக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், “டோரீன் வெறும் பெயிண்டர். இலைப் படம் போட்ட அந்தத் தட்டுகளை வடிவமைத்தது ஆலை முதலாளி” என்று எழுதியிருந்தார். நான் டைல்ஸ் கம்பெனியில் பதினோரு வருடமாக டிசைன் போடுகிறேன். பெட்டியில் ஒருநாளும் என் பெயர் வந்ததில்லை. இதைச் சும்மா விட முடியுமா?

டோரீனைத் தெரியாதவர்களுக்கு: 1950களில் இங்கிலாந்தில் ஒரு பீங்கான் ஆலையில் கோப்பை விளிம்புக்குக் கோடு போடச் சேர்ந்தவர். பிறகு அவர் வரைந்தவைதான் கடைகளில் ஓடின, ஆனால் அடியில் ஆலையின் முத்திரை மட்டும். சண்டை போட்டு இலைத் தட்டு வரிசைக்குத் தன் பெயரைப் போடவைத்தார் என்பார்கள். அதோடு வேலையும் போயிற்று. அந்தத் தட்டுகள் ஆறு, அஸ்தினாபுரத்தில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஸ்டெல்லா அக்காவிடம் இருப்பதாகத் தோழி சொன்னாள். பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தாம்பரத்தில் 9.40 மின்சார ரயில், குரோம்பேட்டைக்கு ஐந்து ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்.

“இன்னாமா, சொந்தக்காரங்க வூட்டுக்கா?” என்றார் ஓட்டுநர்.

“தட்டு பாக்கப் போறேண்ணா.”

“அது உங்க வூட்லயே கீதே,” என்றார், சிரிக்காமல்.

அக்கா வீட்டில் தட்டுகள் ஷோகேஸில் இல்லை. சமையலறையில் எவர்சில்வர் தட்டுகளோடு கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும், முத்திரை இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பு நெயில் பாலிஷால் தடிமனாக S.J.

“சர்ச் விருந்துக்குக் குடுத்தா ஒழுங்கா திரும்பி வராது. ஒருத்தங்க என் கண்ணு முன்னாடியே தன்னோடதுன்னு எடுத்துட்டுப் போகப் பாத்தாங்க. அதான்,” என்றார் அக்கா.

“ஒண்ணுல மட்டும் அழிச்சுப் பாக்கலாமா அக்கா?”

“என் பேரையா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒருத்தியின் பெயரைக் காட்ட இன்னொருத்தியின் பெயரை அழிக்கச் சொல்கிறேன். வாட்ஸ்அப் செய்தியை நீட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

“யாரு இந்த ஆளு?” என்று எழுந்துபோய் ரிமூவரும் பஞ்சும் எடுத்துவந்து, தானே தேய்த்தார். S போயிற்று, J போயிற்று. அடியில் சாம்பல் நிறத்தில், சின்னக் கையெழுத்தில்: ‘வடிவமைப்பு, டோரீன்’ என்று ஆங்கிலத்தில்.

படமெடுத்துக் குழுவில் போட்டேன். படித்துவிட்டதாக நீலக் குறி விழுந்தது.

மற்ற ஐந்தையும் அக்காவே அழித்தார். பிறகு டோரீனுக்குப் பக்கத்தில் இடம்விட்டு, ஒவ்வொன்றிலும் S.J. எழுதினார். “வரஞ்சது அவங்க. வெச்சிருக்கறது நான். ரெண்டு பேரும் இருப்போம்.” முன்பிருந்த எழுத்துப்போல் தடிமனாக அல்ல, சின்னதாக எழுதினார். காய்ந்ததும் அதிலேயே சோறு போட்டு வஞ்சிரம் குழம்பு ஊற்றினார்.

தேடிப் போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் ஆட்டோ அரிது. தட்டைத் திருப்பிப் பாருங்கள். ரிமூவர் விளிம்பிலுள்ள தங்கக் கோட்டில் படக்கூடாது. விலை கேட்காதீர்கள், நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை என் புது டைல் மாதிரி ஒப்புதலுக்குப் போக வேண்டியிருந்தது. பின்பக்கம் சிவப்பு நெயில் பாலிஷில் என் முழுப் பெயரை எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். அழிக்க வேண்டுமென்றால் அவரே அழித்துக்கொள்ளட்டும்.