ஒன்றே ஒன்றுக்கு அனுமதி

என் கணவருக்கு வண்ணத்துப்பூச்சியைக் கொல்லத் தெரியும் என்பது அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை அவர் படம் எடுக்கிற ஆள். லாபிஸ் ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தவர். என்னையும் இழுத்துக்கொண்டு பெக்கோக் பக்கத்து மலையில் அடிக்கடி ஏறுவார். மற்ற மாநிலத்து மலைகளோடு நிறுத்தினால் எங்கள் மலை குள்ளம்தான். ஆனாலும் உச்சியில் மேகம் வந்து உட்காரும். அங்கே மட்டும் ஒரு கருநீலப் பூச்சி பறக்கும். அதைக் கண்டுவிட்டால் அவர் குரலே இறங்கிவிடும். என்னிடம் ஒருநாளும் அப்படிக் குழைந்து பேசியதில்லை.

உச்சிவரை ரோடு போட்டு ரிசோர்ட் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. படங்களைத் தூக்கிக்கொண்டு ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த மலாய் அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னாராம். கீழே தோட்டங்களில் இதே சாயலில் வேறொரு பூச்சி உண்டு, படத்தை வைத்து எதையும் நிறுத்த முடியாது, கையில் ஒன்று வேண்டும் என்று. ஒன்றே ஒன்றைப் பிடிக்க அனுமதியும் கொடுத்தார்கள்.

"மத்ததெல்லாம் பொழைக்கணும்னா ஒண்ணு சாகணும்லா," என்றார்.

"சாகப்போறதுகிட்ட கேட்டீங்களா?" என்றேன். அவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

உச்சியில் அதைப் பிடித்து, இறக்கைகளை மடக்கி, மார்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கினார். வேர்க்கடலைத் தோல் உடைவதுபோல் லேசாக ஒரு சத்தம். அவ்வளவுதான். இறக்கையில் ஒரு பொடிகூட உதிரவில்லை. அந்தக் கைநேர்த்தியைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

வீட்டில் இறக்கைகளை விரித்துக் குத்தி, காய்வதற்காகச் சாமி மேடையில் வைத்தார். யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதானாம். பக்கத்தில் அந்துருண்டை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சாமிக்கு முன்னால் அந்த நாற்றம் கூடாது என்று அவரே எடுத்து அலமாரியில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சர்க்கரைப் பொங்கல் படைத்தேன். மறுநாள் காலையில் எறும்பு வரிசை பொங்கலைத் தாண்டியும் போயிருந்தது. உடம்பு இருந்த இடத்தில் ஊசி மட்டும் நின்றது. இறக்கைகளில் ஒன்றைச் சுவரோரமாக எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க நினைக்கவும் இல்லை. அவர் மேடைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக அவர் அழுவதைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த வாரமே வலையை எடுத்தார்.

"ஒண்ணுக்குத்தானே அனுமதி?"

"இது ரெண்டாவதுன்னு எறும்புக்கும் உனக்கும்தான் தெரியும். வாயை மூடிக்கிட்டு வா."

வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. கடைசியில் ஒன்று தாழ்வாக, சிரமப்பட்டுப் பறந்து வந்தது. வலையின் கம்பி பட்டு வலது பின்னிறக்கை கிழிந்தது. நசுக்க விரல் வைத்தபோது அதன் வயிறு உப்பியிருந்ததைப் பார்த்தேன்.

"இது பொண்ணுங்க. முட்டையோட இருக்கு. விடுங்க."

அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. விரலை எடுக்கவில்லை. அது துடித்து அடங்கியபோது அவர் நகத்தின்மேல் முத்துப்போல் ஒரு முட்டை ஒட்டியிருந்தது. அதைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவரை நான் வெறுத்தேன். இன்னும் அந்த வெறுப்பு முழுசாகப் போகவில்லை.

அதை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். ரோடு நின்றுவிட்டது. மலை பிழைத்தது. அவரைப் பாராட்டி மாலைகூடப் போட்டார்கள். அதற்குப் பிறகு மழைக்கு முன்னும் பின்னும் ஏறிப் பார்த்துவிட்டோம். மேகம் வருகிறது, குட்டை மரங்கள் பூக்கின்றன, கருநீலமாக எதுவும் பறப்பதில்லை.

இப்போது மலையடிவாரத்தில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். இதைப் பிடிப்பது குற்றம் என்று மலாயில் எழுதி, மேலே பூச்சியின் படம். வலது பின்னிறக்கையில் கிழிசல். போன மாதம் குளுவாங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் பலகை முன்னால் நின்று படம் எடுத்தது. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி என் கணவரிடம் கேட்டாள்.

"அங்கிள், மேல போனா இதைப் பாக்கலாமா?"

அவர் ஷூ நாடாவைக் குனிந்து கட்ட ஆரம்பித்தார்.

"இங்கயே நல்லா பாத்துக்கம்மா," என்றேன் நான். "இதுதான் அது."