மீட்டர் அத்தானின் தரிசனம்

என் அக்காவின் கணவரைத் தெருவில் எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சார அலுவலகத்தில் வேலை. கையில் ஒரு கருவியோடு வீடு வீடாக ஏறி, மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைப் பதிந்துகொண்டு அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும். ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. இருபத்தாறு வருஷத்தில் ஒரே ஒரு எண்கூடத் தப்பாகப் பதிந்ததில்லை என்று அலுவலகத்தில் அவருக்குப் பெரிய பெயர். ஆனால் அந்த நூற்றிருபது வீட்டில் ஒரு முகமாவது அவருக்குத் தெரியுமா என்றால், தெரியாது. யாராவது இறந்துபோனால் வீட்டுக்கு வந்து, "அந்த முந்நூத்தி நாப்பது யூனிட் வீட்டுக்காரர் போயிட்டாராம்" என்பார். அதுதான் அவர் இரங்கல்.

எனக்குக் கல்யாணம் பேசியபோது பெண் வீட்டை முதலில் பார்த்துவிட்டு வந்தவர் அவர்தான். வீடே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "நல்ல குடும்பம் மாப்ள. மீட்டர்ல சீல் அப்படியே இருக்கு, கரண்டு திருடக் கை வெக்கல" என்றார். பெண் எப்படி என்று கேட்டதற்கு, "யாரோ தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க" என்றார். அந்த யாரோதான் இன்று என் மனைவி. அவள் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

அக்கா நேர் எதிர். சலவைக் கடையில் துணி பிரிக்கிற வேலை அவளுக்கு. குவியலில் கையை விட்டு ஒரு சட்டையை உருவினால், பொத்தானைப் பார்த்தே இது யார் வீட்டுச் சட்டை, அவர் இந்த வாரம் எந்தக் கையால் அதிகம் எழுதினார் என்று சொல்லிவிடுவாள். இப்படிப்பட்டவளுக்கு அப்படிப்பட்ட மனிதர். ஒருமுறை வீட்டில் நீலத் திரைச்சீலையை எடுத்துவிட்டு மஞ்சளில் போட்டாள். ஒன்பது நாள் கழித்து அத்தான் அண்ணாந்து பார்த்து, "வெயில் கூடிருச்சா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். ஆனால் உள்ளுக்குள் அது அவளுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நான் கூடப் பிறந்தவன்.

அக்காவுக்கு ஒரு ஆசை உண்டு. இரண்டு நாள் பேருந்துப் பயணம், அப்புறம் ஒரு நாள் நடை, அதற்கு மேல் படி. அந்த மலைமேல் இருக்கும் சந்நிதியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பன்னிரண்டு வருஷமாக ஏதாவது ஒன்று வந்து தடுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு பேருக்கும் இடம் பிடித்து, நடப்பதற்கென்று தடித்த அடியுள்ள செருப்புகூட வாங்கி வைத்தாள். கிளம்ப ஐந்து வாரம் இருக்கும்போது குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். தகடு வைத்துத் தைத்தார்கள். ஆறு மாதம் படி இறங்கக் கூடாது என்றார் டாக்டர். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி.

அத்தான் பயணத்தை விட்டுவிடலாம் என்றார். அக்கா விடவில்லை.

"நீங்க போங்க. என் இடத்துல தம்பி வரட்டும். எனக்கும் சேத்துப் பாத்துட்டு வாங்க. ஒண்ணு விடாம வந்து சொல்லணும்."

"நானா?" என்றார் அத்தான். அவருக்கே தன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவர் முயற்சி செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். போகும் வழியெல்லாம் கடைச் சுவரில் இருந்த மீட்டர்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார், வாஸ்தவம். ஆனால் மலைக்கு மேலே வரிசையில் நின்ற ஒன்பது மணி நேரமும் பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி, "முகம், விளக்கு, கூரை, தரை" என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றார். அந்த நாலையும் பார்த்துவிட்டால் அக்காவிடம் சொல்லப் போதும் என்று கணக்கு. வரிசை வளைந்து வளைந்து போய், ஒரு வழியாகச் சந்நிதிக்கு நேரே வந்தோம். முன்னால் நிற்க ஆளுக்கு நாலு விநாடி. அத்தான் எனக்கு முன்னால் நின்றார்.

சந்நிதிக்கு இடதுபக்கத் தூணில் ஒரு மீட்டர் பெட்டி. அதன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பழைய சக்கர மீட்டர். எங்கள் ஊரில் பத்து வருஷத்துக்கு முன்பே கழற்றி எறிந்த ரகம். சீல் வேறு அறுந்து தொங்கியது. நாலு விநாடியும் அத்தான் அதைத்தான் பார்த்தார். வரிசையை ஒழுங்குபடுத்துகிறவர் தோளில் கைவைத்துத் தள்ளினார். முடிந்தது தரிசனம்.

வெளியே வந்து ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாப்ள, நீ என்ன பாத்த?"

"நான் பக்தியில கண்ண மூடிக்கிட்டேன் அத்தான்."

"முழுசாவா?"

"முழுசாத்தான்."

ஒன்பது மணி நேரம் பார்ப்பதற்காக நின்றுவிட்டு, பார்க்கும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் நான் ஒருவன்தானா என்ன. ஆனாலும் அன்றைக்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. மறுபடி வரிசையில் நிற்கலாம் என்றால் அன்றைக்கே நடையைக் கட்டாவிட்டால் கீழே பேருந்து போய்விடும். திரும்பி வந்த மூன்று நாளும் அத்தான் கடைச் சுவர் மீட்டர்களைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அக்கா தலைவாரி, நல்ல உடையாக உடுத்தி, நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தாள். பரீட்சை அறைக்குள் போகிற மாதிரி போனார் அத்தான்.

"சொல்லுங்க."

"ரொம்பக் கூட்டம்."

"அது தெரியும். சந்நிதில?"

அத்தான் இருபத்தாறு வருஷத்தில் முதல்தடவையாகத் தப்பான எண்ணைப் பதிந்தார். "ஒரே நாள்ல சொல்லித் தீருற விஷயம் இல்லம்மா. தினம் கொஞ்சம் கொஞ்சமா சொல்றேன்" என்றார்.

அக்கா முகம் மலர்ந்துபோனது. "அதுவும் நல்லதுதான். எனக்கும் இன்னும் நாலரை மாசம் போகணுமே" என்றாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனார். சாயந்தரத்துக்குள் சொல்ல ஏதாவது வேண்டும். எங்கே போவார்? பதினாலாம் தெருவில் ஒரு வீட்டில் எண்ணைப் பதிந்துவிட்டுத் திரும்பியபோது, வேறு வழியில்லாமல் அந்த வீட்டை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். ஜன்னலோரம் கட்டிலில் ஒரு கிழவர். அவருடைய மகள் துண்டின் நுனியை வெந்நீரில் நனைத்து, பிழிந்து, முதலில் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அப்புறம் அவர் இமைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று சாயந்தரம் அக்காவிடம், வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் தன் அப்பாவுக்கு இப்படிச் செய்தாள் என்று சொன்னார். அக்கா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "கன்னத்துல வெச்சுப் பாத்தாளா?" என்று மட்டும் திரும்பக் கேட்டாள்.

அத்தானுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மின்விசிறியைக் கழற்றுமுன் அதைத் தட்டிக்கொடுத்து, "எங்க வலிக்குதுப்பா?" என்று கேட்கிற மெக்கானிக் ஒருநாள் அத்தான் கதையில் மலை ஏறினார். காது கேளாத கணவன் மனைவி கைச்சைகையிலேயே சண்டை போட்டு, பாதியில் கை ஓய்ந்து சிரித்துவிட்டார்கள்; அவர்களும் ஏறினார்கள். மீன் தொட்டி கழுவுகிற ஒருவரையும் அவசரத்தில் ஏற்றிவிட்டார்.

"வரிசையில மீன் தொட்டியா?" என்றாள் அக்கா.

"பெரிய வரிசைம்மா."

இதற்குள் அலுவலகத்தில் அவர் பெயர் கெட ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் பதினோரு எண் தப்பு. நூற்றிருபது வீடு எண்பதாகச் சுருங்கியது. போதாததற்கு ஒரு புகார்க் கடிதம் வேறு. மீட்டர் பார்க்க வருகிறவர் மீட்டரைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று எழுதியிருந்தார்கள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டதற்கு, "ஆமா சார், பாத்தேன்" என்றாராம். இருபத்தாறு வருஷப் பெயரை வைத்து ஒரு எச்சரிக்கையோடு விட்டார்கள்.

வீட்டில் எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஐந்தாம் மாதம் டாக்டர் வந்து பார்த்து, எலும்பு கூடிவிட்டது, இனிப் பிடித்துக்கொண்டு மெல்லப் படி இறங்கலாம், அடுத்த பருவத்தில் மலைக்கே போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பயணத்தில் அவளுக்கென்று ஒரு இடத்தை ஏற்கனவே எழுதியும் வைத்திருந்தோம். அக்கா நிதானமாகச் சொன்னாள்:

"எனக்கு வேணாம். என் இடத்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்துடலாம்னு இருக்கேன். ஞாயித்துக்கிழம சொல்லிடுவேன். நான்தான் எல்லாத்தையும் பாத்துட்டேனே. இவர் கண்ணால பாத்தாச்சு, போதும்."

அத்தான் ஆடிப்போய்விட்டார். என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "பன்னெண்டு வருஷ ஆசை மாப்ள. நான் பொய் சொல்லியே அத எடுத்துட்டேன்" என்றார். பேசாமல் இருந்துவிடுங்கள், அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று நான் சொன்னேன். நல்ல புத்தி எனக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அவர் என்னைக் கேட்காமலே சனிக்கிழமை காலை போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மீட்டர், சீல், நாலு விநாடி, எல்லாம். நான் கண்ணை மூடிக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னதுதான் அநியாயம்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்ப உங்களுக்கு எதுவுமே கண்ணுல படாது இல்ல" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கை இருந்தது. ஞாயிறு காலையில் அவளே கேட்டாள்.

"அந்த அப்பாவும் பொண்ணும்?"

"பதினாலாம் தெரு. ரெண்டாம் மாடி."

"மீன் தொட்டி?"

"பேக்கரிக்கு மேல."

"அவங்கெல்லாம் நிஜமா?"

"எல்லாரும் நிஜம். எடம் மட்டும்தான் பொய்."

அக்கா நம்பவில்லை. "என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றாள். போலீஸ்காரர் திருடனிடம் களவு போன இடத்தைக் காட்டச் சொல்கிற தோரணை. மலைக்கு வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கம் கைப்பிடி, ஒரு பக்கம் நான் என்று மூன்று மாடியையும் இறங்கினாள். பன்னிரண்டு நிமிஷ நடைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பதினாலாம் தெருவில் மறுபடி இரண்டு மாடி ஏறியபோது அவள் நெற்றி வியர்த்துக் கொட்டியது. அத்தான் முன்னால் போய்க் கதவைத் தட்டிவிட்டு, குற்றவாளி மாதிரி ஓரமாக நின்றார்.

மகள்தான் திறந்தாள். கையில் ஈரத் துண்டு இருந்தது. அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். யார் என்று நாங்கள் சொல்வதற்குள், "வாங்க, நீங்கதானா?" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், உயரமான நாற்காலியாகத் தேடி எடுத்துப் போட்டாள். "தாழ்வா இருந்தா உங்களுக்கு எந்திரிக்கக் கஷ்டம்னு சார் சொல்லியிருக்கார்."

"என்னப் பத்தியா?"

"மாசாமாசம் வந்தா அதே பேச்சுதான். மீட்டர் பாக்க ஒரு நிமிஷம், உங்களப் பத்திப் பேச அரை மணி நேரம். உங்களுக்குக் கோவம் வந்தா காதுமடல்தான் மொதல்ல செவக்குமாமே. துணி மடிக்கும்போது தையல் பிரிஞ்ச இடத்த மட்டும் ஒரு தடவ தடவிக் குடுப்பீங்களாம். இடுப்பு ஒடஞ்சதுக்கு அப்புறம், எந்திரிக்கிறதுக்கு முன்னாடி சுவத்தப் பாத்து ஏதோ முணுமுணுக்கிறீங்களாம். என்ன சொல்றீங்கன்னு மட்டும் அவருக்குக் கேக்கலையாம். எங்கப்பா ஒவ்வொரு தடவையும், அது என்னன்னு தெரிஞ்சுதான்னு கேப்பாரு."

அக்கா திரும்பி அத்தானைப் பார்த்தாள். அவள் காதுமடல் சிவந்திருந்தது. ஆனால் கோபமில்லை. இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"இதெல்லாம் எப்பப் பாத்தீங்க?"

"தினமுந்தான்" என்றார் அத்தான். "வெளிய பாத்துப் பாத்துப் பழகிடுச்சு. வீட்டுக்கு வந்தா நீதான் இருந்த."

"எங்கிட்ட சொல்லலையே."

"நீ மலையப் பத்தித்தான கேட்ட."

கட்டிலில் இருந்த கிழவர் பொறுமை இழந்து இருமினார். அவருக்குப் பதில் வேண்டும். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போடச் சொல்லி, குனிந்து சொன்னாள்.

"'இன்னைக்கும் விழாம பாத்துக்கோ சாமி. நான் விழுந்தாக்கூட இந்த மனுஷன் கண்ணுல படாது'ன்னு சொல்லுவேன் ஐயா."

கிழவர் ஈரம் காயாத இமையைத் திறந்து, அத்தானை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"இனிமே அத மாத்திச் சொல்லும்மா" என்றார்.