மஞ்சள் தலைப்பிரட்டை

என் அப்பா ரேமண்ட் க்ருப்கா பிப்ரவரியில் இறந்தார். வயது எண்பத்தொன்று. செய்தித்தாளுக்கு இரங்கல் குறிப்பு எழுதிக் கொடுத்தது நான்தான். ஆர்டன் கார் தொழிற்சாலையில் பரிசோதகர், பிறகு பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக், அர்லீனின் கணவர், டெனிஸின் தந்தை. எல்லாம் சரியான தகவல். ஒன்றை மட்டும் எழுதவில்லை. அவர் வெட்கப்பட்டுக்கொண்டே வாழ்ந்தார்.

எங்கள் ஊர் விஸ்கான்சினில், ஏரிக்கரையில் இருக்கிறது. ஆர்டன் கார்கள் இங்கேதான் பிறந்தன. தொழிற்சாலை மூடி நாற்பது வருடம் ஆகப் போகிறது. அது நின்ற இடத்தில் இப்போது புல் வளர்கிறது. ஆனால் கார்கள் போகவில்லை. ஓய்வு பெற்ற பிளம்பர்களும் பல் டாக்டர்களும் அவற்றை வாங்கி வைத்துப் பிள்ளை போல வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் வீட்டில் ஹீட்டரைக் குறைத்துவிட்டு, கராஜில் சூட்டைக் கூட்டுகிறவர்கள் உண்டு. ஒரு திருகாணிக்குக் கறுப்புப் பூச்சா சாம்பல் பூச்சா என்று சண்டை போட்டு, இரண்டு வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பியை எனக்குத் தெரியும்.

அப்பா அந்தத் தொழிற்சாலையில் உழைத்தவர். ஆனாலும் ஒரு ஆர்டன்கூட வாங்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நின்றது ஒரு ஜப்பான் பிக்கப். இந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

"ரே, உங்க வாசல்ல நிக்கிறானே, அவனுக்குப் பாஸ்போர்ட் இருக்கா?" என்று பக்கத்து வீட்டு வெர்ன் கேட்பார்.

"இருக்கு. உன் வண்டி மாதிரி யாரும் பின்னாலேர்ந்து தள்ள வேண்டாம். அவனே வந்துடுவான்."

அதோடு அப்பா உள்ளே போய்விடுவார்.

பேருந்துப் பணிமனையில் அவர் வேறு ஆள். டிரைவர்கள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு பஸ்ஸின் அடியிலும் படுத்து, ஒவ்வொரு போல்ட்டையும் ஸ்பேனர் போட்டுப் பார்ப்பார். "என்ன ரே, பஸ்ஸுக்குத் தாலாட்டா?" என்று கேலி செய்வார்கள். நான் எஞ்சினியர் ஆகி, மாநில அரசுக்குப் பாலங்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்தபோது அவர் வாழ்த்தவில்லை. "கையால தொட்டுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு" என்றார். அது அவர் சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைப்பிரட்டை விஷயம் வெளியே வந்தது அம்மாவால். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து. ஆர்டன் சங்கத்தைச் சேர்ந்த டுவைட் ஹாஸ்கெல் தன் போனில் ஒரு படத்தை மேசை மேசையாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஓய்வு பெற்ற பிளம்பர், நல்ல மனிதர். படத்தில், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், மஞ்சள் மெழுகுச் சாக்பீஸால் ஒரு வட்டம், அதிலிருந்து வளைந்து இறங்கும் ஒரு வால். ஸ்டியரிங் பெட்டியை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கும் மூன்று போல்ட்டையும் சோதித்தாகிவிட்டது என்று பரிசோதகர் போட்ட அடையாளம். சங்கத்தார் அதைத் தலைப்பிரட்டை என்பார்கள். காரைப் புதுப்பிக்கிறவர்கள் அதையும் அச்சு அசலாக வரைந்து வைப்பார்கள். கார்ப் போட்டிகளில் நடுவர்கள் டார்ச் அடித்துப் பார்த்து அதற்கு மதிப்பெண் போடுவார்கள். வரைந்தது யார் என்றுதான் யாருக்கும் தெரியாது.

"இது எங்க ரேயோட கிறுக்கல்தானே?" என்றாள் அம்மா. "கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டியவங்க பேர் பக்கத்துல எல்லாம் இதைத்தான் போட்டு வெச்சிருந்தார்."

டுவைட் ஒரு கையில் போனும் மறு கையில் மீன் தட்டுமாக அப்படியே நின்றுவிட்டார். "அர்லீன், சும்மா விளையாடாதீங்க. எனக்கு நெஞ்சு வலி வந்துடும்."

"முதல்ல அந்த மீனைக் கீழ வைங்க. அப்புறம் வரட்டும்."

அப்பா தட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

ஜூலையில் கண்காட்சித் திடலில் ஆர்டன் விழா. டுவைட் நாலு முறை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். அம்மா சட்டையை இஸ்திரி போட்டு வைத்தாள். நான் காரில் அழைத்துப் போனேன். திடலில் பாதிப் பேர் தலைப்பிரட்டை அச்சிட்ட பனியன் போட்டிருந்தார்கள். அப்பா காரிலிருந்து இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டுவைட்டின் கார் அறுபத்தாறாம் வருடத்தியது. நீலப் பச்சை நிறம். அவருடைய அப்பா புதிதாக வாங்கியது. மறுபடி பெயிண்ட் அடிக்காதது. எஞ்சின் மூடியைத் திறந்து வைத்திருந்தார். சுற்றிலும் கூட்டம், கையில் பீரும் வறுத்த தொத்திறைச்சியும்.

"பாருங்க ரே. இது உங்க கைதானே?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "என் கைதான்."

கைதட்டல். யாரோ ஹாரன் அடித்தார்கள். அப்பா நிமிரவில்லை.

"எந்த மாசம் செஞ்ச வண்டி?"

"ஜூலை. கதவுத் தகட்டுலயே இருக்கு."

"அப்போ நான் பாக்கல."

"என்ன பாக்கல?"

"போல்ட்டை. ஸ்பேனர் போட்டுப் பாத்துட்டுத்தான் இதைப் போடணும். அந்தக் கோடை முழுக்க நான் பாக்கல. குறி மட்டும் போட்டேன்."

சிரிப்பு. உண்மையான, மனம் நிறைந்த சிரிப்பு.

"அதான் என் வண்டி நேரா பார் வாசலுக்கே போகுது. இத்தன நாளா என் பொண்டாட்டி என்னையத் திட்டிட்டிருக்கா!"

"ரே, என் வண்டிக்கும் ஒண்ணு போடுங்க. பாத்துடாதீங்க, மார்க் குறைஞ்சுடும்!"

அப்பாவின் காதுகள் சிவந்துவிட்டன. "நான் விளையாட்டுக்குச் சொல்லல" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது. யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். அங்கே அவரை வெறுக்கத் தயாராக ஒருவர்கூட இல்லை.

டுவைட் மட்டும் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்கப்பா வாங்கின புதுசுல ஸ்டியரிங் ஆடிட்டே இருந்துது, ரே. ஒரு நாள் திருப்பத்துல வண்டி திரும்பல. நேரா சோளக்காட்டுக்குள்ள இறங்கிடுச்சு. பின் சீட்டுல நாங்க நாலு பிள்ளைங்க."

"யாருக்கு அடி?"

"தங்கச்சிக்கு. முன்பல் ரெண்டு போச்சு. ஷோரூம்ல கொண்டுபோய் விட்டோம். மூணு போல்ட்டும் தொளதொளன்னு இருக்குன்னு அங்க ஒரு வயசானவர் இறுக்கிக் கொடுத்தார்."

"அவர் பேரு?"

"தெரியாது."

"அவர் குறிதான் இங்க இருந்திருக்கணும்" என்றார் அப்பா.

பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். எச்சில் தொட்டு நனைத்தார். தகட்டை நோக்கிக் கையை நீட்டினார். டுவைட் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேண்டாம் ரே. தயவு செஞ்சு வேண்டாம்."

"இது பொய், டுவைட்."

"தெரியுது. ஆனா ஒரிஜினல்."

"ஒரிஜினல் பொய்க்கு எத்தனை மார்க்குப்பா?" என்று பின்னால் ஒரு குரல். மறுபடி சிரிப்பு.

எண்பது வயது மனிதரின் கையை இன்னொருவர் இறுக்கிப் பிடித்திருந்தார். இத்தனை பேர் நடுவில் என் அப்பாவைத் திருடனைப் போலப் பார்க்க வேண்டி வந்தது எனக்கு. தோளைப் பிடித்து அழைத்து வந்தேன். அந்தக் குறிக்கு நடுவர்கள் முழு மதிப்பெண் கொடுத்ததாக மறுநாள் கேள்விப்பட்டேன்.

காரில் ஏறிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சிரிச்சாங்க, பாத்தியா?" என்றார்.

"பாத்தேன்."

"ரெண்டு அடி அடிச்சிருந்தா தேவலை."

அப்போதுதான் சொன்னார். அந்தக் கோடையில், கார்கள் நகர்ந்து வரும் வேலை வரிசையின் வேகத்தைக் கூட்டினார்கள். மூன்று போல்ட்டையும் பார்க்க நேரமில்லை. முதலில் இரண்டைப் பார்த்தார், பிறகு ஒன்றை, பிறகு எதையும் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்தினால் பெயிண்ட் அறைக்கு அனுப்பிவிடுவேன் என்றான் மேஸ்திரி. பெயிண்ட் அறையில் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு இலையுதிர் காலத்தில் கல்யாணம்.

"எவ்வளவு வண்டி போச்சு டென்னி. ஒரு குழந்தையோட பல்லு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மத்ததெல்லாம்?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தளர்ந்த போல்ட் முதலில் சத்தம் கொடுக்கும், ஷோரூமில் கவனித்திருப்பார்கள், பெரும்பாலானவை சரியாகவே இறுக்கப்பட்டிருக்கும். நிகழ்தகவு பேசினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"நீ சொல்றது சராசரி. அந்தப் பொண்ணு சராசரி இல்ல."

அதன்பிறகு அவர் மீன் விருந்துக்குப் போகவில்லை. அம்மா அவர் பங்கை அலுமினியத் தாளில் சுற்றி எடுத்து வருவாள். சங்கத்தின் இதழில் அந்த நாளை நகைச்சுவைத் துணுக்காகப் போட்டார்கள். மளிகைக் கடையில் அவரைப் பார்த்தால் ஆட்கள் காற்றில் ஒரு வட்டமும் வாலும் வரைந்து காட்டுவார்கள். அன்பாகத்தான். அவர் கடையை மாற்றிக்கொண்டார். அடுத்த ஊருக்குப் போய் ரொட்டி வாங்கினார்.

பிப்ரவரியில் இதயம் நின்றது. இறுதிச்சடங்கு இல்லத்துக்குச் சங்கத்தார் முப்பது ஆர்டன்களில் வந்தார்கள். பனி உருக உப்புத் தூவிய, இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் சாலையில் அந்தக் கார்களை வெளியே எடுப்பது அவர்களைப் பொறுத்தவரை பெரிய தியாகம். பெட்டியின் தலைமாட்டில் ஒரு மலர் வளையத்தை நிறுத்தினார்கள். மஞ்சள் செவ்வந்தியில் ஆள் உயரத் தலைப்பிரட்டை. வால் தரையைத் தொட்டது. வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றேன்.

டுவைட் கடைசியாக வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வேண்டாம்னேன், டெனிஸ். வேண்டாம்கிறவங்களைக் கைதூக்கச் சொன்னாங்க. நான் ஒருத்தன்தான் தூக்கினேன்."

"ம்."

"அன்னிக்கு அவர் கையை விட்டிருக்கலாம்."

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

"ஒரு கை பிடிக்கிறீங்களா?" என்றேன்.

அவர் வட்டத்தைப் பிடித்தார், நான் வாலை. எல்லோரும் பார்க்க, நடுவழியே தூக்கிக்கொண்டு போய்க் கோட்டு மாட்டும் அறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம். திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. வெர்ன் மெதுவாகக் கேட்டார்: "ஏன், அவருக்குப் பிடிக்காதா?"

"பிடிக்காது" என்றேன். "போல்ட்டை உண்மையாவே பாக்கலன்னுதான் அன்னிக்குச் சொன்னார்."

வெர்ன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் தொப்பியைப் பார்த்தார்.