கப்பலடி மண்

எங்கள் கிணற்றில் ஒரு சட்டம் உண்டு. அடியைத் தொட்டேன் என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கைநிறைய மண் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் அந்தச் சேற்றை, தோற்றவர் உச்சந்தலையில் அப்பிவிடலாம். திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் அதற்கென்றே நேர்ந்துவிட்ட தலை என்னுடையது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினால் மண்ணோடுதான் வருவான். எனக்குப் பாதிக் கிணற்றிலேயே மூச்சு முட்டிவிடும்.

இப்போது நான் அருப்புக்கோட்டையில் கணக்கு டீச்சர், வயது நாற்பத்தாறு. அண்ணன் மக்காச்சோளம் போடுகிறான். கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் முன்னால் "மண்ணு தொடாத மகராசி வந்துட்டா" என்பான். "கோடையில கெணறு வத்துனதும் ஏணி வச்சு எறங்கி அள்ளிக்க" என்று இலவச யோசனை வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருடம் போனில் ஒரு வீடியோ காட்டினான். பழைய கப்பலிலிருந்து எண்ணெயெல்லாம் எடுத்துக் கழுவி, மீன்கள் குடியிருக்கட்டும் என்று வேண்டுமென்றே கடலில் மூழ்கடிக்கிறார்கள். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு ஆட்கள் அதைப் பார்க்கப் போகிறார்கள்.

"முழுக் கப்பல எவனாச்சும் முக்குவானா? கிறுக்குப் பயலுக" என்றான். சாயங்காலத்துக்குள் மூன்று தடவை பார்த்துவிட்டான்.

"அந்தக் கப்பலடிய நான் தொடத்தான் போறேன்ணே."

"நீயா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்புதான் கோடை லீவில் எங்கள் இரண்டு பேரையும் அந்தக் கப்பல் கிடக்கும் கடற்கரைக்குப் பஸ் ஏற்றியது.

முதலில் நீச்சல்குளத்தில் நாலு நாள் பயிற்சி. சொல்லிக்கொடுத்த பெண் கறாரானவள். "கீழ எதுக்காகவும் மூச்சைப் பிடிக்காதீங்க. பிடிச்சுக்கிட்டே மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிடும். பிடிக்கிறவங்களைக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன்" என்றாள்.

அண்ணன் தலை தண்ணீருக்குள் போனதும் கன்னம் உப்பிக்கொண்டது. வாயில் குழாய், முதுகில் காற்று, ஆனாலும் மூச்சைப் பிடிக்கிறான். நாலு நாளும் இதே கதை. "தண்ணியக் கண்டாலே தானா அடைச்சுக்கிருது" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். மூச்சுப் பிடிக்கத் தெரியாத நான் பாஸ். பாவமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன், அதைவிட சந்தோஷமாக இருந்தது.

ஐந்தாம் நாள் அவனும் படகில் வந்தான், வேடிக்கை பார்க்க. கடலுக்குள் குதிக்கும்போது எனக்கு ஒரே நினைப்புதான். இங்கேயும் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும். பயத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். மனசுக்குள் 'அருப்புக்கோட்டை' என்று இழுத்தேன், 'திருச்சுழி' என்று விட்டேன். படகிலிருந்து கப்பலுக்கு இறக்கியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே பத்துப் பதினைந்து தடவை ஊருக்குப் போய் வந்திருப்பேன், கீழே கப்பல் தெரிந்தது.

தளமெல்லாம் பாசியும் சிப்பியும். கேப்டன் அறை ஜன்னலில் ஒரு குண்டு மீன், வீட்டுக்காரர் மாதிரி எட்டிப் பார்த்தது. மஞ்சள் கோடு போட்ட மீன்கள் பட்டியிலிருந்து திறந்துவிட்ட ஆடுகளாக ஒரு கதவு வழியே முண்டிக்கொண்டு வந்தன. கப்பலின் ஓரத்தில் இறங்கி மணலில் மண்டியிட்டேன். அடி. நான் தொட்ட முதல் அடி! சிரித்ததில் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

ஆனால் கடலிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பது அங்கத்திய சட்டம். வெறுங்கையோடு மேலே வந்தேன்.

"மண்ணு எங்க?" என்றான் அண்ணன்.

வந்த கோபத்தில் தொப்பென்று உட்கார்ந்து, காலில் போட்டிருந்த ரப்பர் ஷூவைப் பிடித்து இழுத்தேன். பொலபொலவென்று கொட்டியது, ஒரு கை மணல்.

பயிற்சி கொடுத்த பெண்ணை நிமிர்ந்து பார்த்தேன். "தானா வந்தது எடுத்த கணக்குல சேராதுக்கா" என்று சிரித்தாள்.

அண்ணன் மணலை விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு என் முன்னால் குனிந்தான். "ம், அப்பு" என்றான்.

முப்பத்தைந்து வருடம் நான் காத்திருந்த தலை. வழுக்கையில் மணல் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. அவனே இரண்டு கையாலும் அதை அள்ளி அள்ளி என்னிடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.