கொழும்புக் கப்பலுக்கு முதல் படகு

கல்யாணமான மறுமாதம், கொழும்பில் வேலை பார்த்த கணவரோடு பூதப்பாண்டியிலிருந்து புறப்பட்டேன். தூத்துக்குடியில் கப்பல் கடலுக்குள் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

"எதுக்குட்டி இத்தன நேரத்தே போணும்? வெயில்ல காயவா?" என்றார் அவர்.

"பிந்திப் போனா இருக்க எடம் கெடைக்காதுல்லா," என்றேன்.

முதல் படகிலேயே போய், மேல்தளத்தில் நிழலான மூலையில் பாயை விரித்தோம். கடைசிப் படகில் கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தாள். அவளுக்கு உட்கார எங்கும் இடமில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து அவளைப் பாயில் உட்காரச் சொன்னேன்.

பிறகு நானும் அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வீட்டில் ஆட்களுக்கு நடுவே சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசியதில்லை. அன்று கரை மறைந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குப் பின் எத்தனையோ தடவை கொழும்புக்குப் போனோம். அவசரப்படுத்தி முதல் படகில் ஏற்றி, கம்பியோரமாய்ப் பேச என்னை நிறுத்திக்கொள்கிறவர் அவராகத்தான் இருந்தார்.