பனியைப் பார்க்காதவள் செய்த அடுப்பு

எங்கள் பட்டறை திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. தை மாசத்தில்கூட ஃபேன் இல்லாமல் அங்கே உட்கார முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மலை மேலே பழத்தோட்டத்தில் உறைபனி விழுந்தால் தானாகப் பற்றிக்கொள்கிற அடுப்பு செய்து கொடுத்தோம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரும். சிரியுங்கள், பரவாயில்லை. ஆர்டர் வந்த அன்றைக்கு நானே சிரித்தவள்தான்.

என் வீட்டுக்காரர் வெல்டர். நான் வயரிங். கல்யாணத்துக்கு முன்னால் பேனல் போர்டு செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள், அதனால் பெட்டிக்குள்ளே போகிற ஒயரெல்லாம் என் கை, வெளியே இருக்கிற இரும்பெல்லாம் அவர் கை. அதற்கு முந்தின வருஷம் கொடைக்கானல் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரருக்கு, குஞ்சுகளுக்குக் குளிரெடுத்தால் தானாக எரிகிற அடுப்பு செய்து கொடுத்திருந்தோம். அதை அந்த ஊர் அம்மா ஒருத்தர் பார்த்துவிட்டு எங்களுக்கு ஃபோன் போட்டார். அறுபது வயசுக்கு மேலே இருக்கும். ஆறு வரிசை பிளம்ஸ் மரம் வைத்திருக்கிறார். புருஷன் இல்லை, ஒரே பையன் கோயம்புத்தூரில்.

"போன வருசம் பூவெல்லாம் பனியில கருகிப் போச்சு தாயி. இந்த வருசமும் காய் நிக்கலைன்னா மரத்த வெட்டிப்புட்டு காட்டேஜ் கட்டிருவேன்னு சொல்லிட்டான் என் மவன். நானும் சரின்னுட்டேன். ஒரு வருசம் குடுறான்னு கேட்டு வாங்கியிருக்கேன்" என்றார்.

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது எனக்கு. அந்த அம்மா ஃபோனில் பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்தார். வானம் நட்சத்திரமாகத் தெளிந்து கிடந்தால்தான் பயம், மேகம் மூடினால் நிம்மதியாகத் தூங்கலாம். குளிர் தண்ணீர் மாதிரி, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், அதனால் கீழ் வரிசைகளுக்குத்தான் முதல் ஆபத்து. விடிகிறதுக்கு முந்தின ரெண்டு மணி நேரம்தான் பூவைக் கொல்கிற நேரம். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். பனியை என் கண்ணால் பார்த்ததே இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

வரிசைக்கு ஒரு பெட்டி, ஆறு பெட்டி செய்தேன். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு சென்சார் மரத்தில் தொங்கும். பெட்டியில் ஒரு திருகு, அதை ரெண்டு டிகிரியில் வைத்துவிட்டால், குளிர் ரெண்டுக்கு இறங்கியதும் கேஸ் திறந்து, பொறி தட்டி, அந்த வரிசையில் இருக்கிற அடுப்பெல்லாம் எரிய ஆரம்பிக்கும். ஆனால் சென்சாருக்கு முதலில் பூஜ்யம் எது என்று சொல்லித்தர வேண்டும். அதற்கு வழி ரொம்பச் சுலபம். ஐஸும் தண்ணீரும் கலந்து வைத்தால் அது பூஜ்யம். அதில் சென்சாரை முக்கி, இதுதான்டா பூஜ்யம் என்று திருகி வைத்துவிட வேண்டியது.

பட்டறையில் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது, என் கை தட்டித்தான் உடைந்தது. "வேற ஒண்ணு வாங்கிக்கலாம்மே, ஐஸு பூஜ்யம்தானான்னு அதுலயும் பார்த்துக்கலாம்" என்றார் வீட்டுக்காரர். நான்தான் வள்ளென்று விழுந்தேன். "ஐஸு பூஜ்யம் இல்லாம வேற இன்னாவா இருக்கும்? ஐஸுக்கு ஒரு தெர்மாமீட்டரா?" எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஐஸுக்கு எனக்கென்ன பஞ்சம், காசிமேட்டில் பிறந்துவிட்டு? என் தம்பி அங்கேதான் மீன் பெட்டி கட்டி வெளியூருக்கு அனுப்புகிறான். "நல்லா ஜில்லுனு கொண்டாடா" என்று சொன்னேன். தெர்மோகோல் பெட்டி நிறைய ஐஸை உடைத்துப் போட்டுக்கொண்டு வந்தான். மீன் வாசனையோடுதான் வந்தது. ஆறு பெட்டிக்கும், கைவசம் இருக்கட்டும் என்று செய்த ஏழாவது பெட்டிக்கும் அன்றைக்கே பூஜ்யம் வைத்து முடித்தேன். வீட்டுக்காரர் மலைக்குப் போய் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, சளியோடு திரும்பி வந்தார். "காலைல மூக்கு கயண்டு வுயுந்துடும்மே அங்க" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். மரமெல்லாம் வெள்ளையாகப் பூ விட ஆரம்பித்திருக்கிறது என்றும் சொன்னார்.

கொஞ்ச நாளில், அதே மலையிலிருந்து இன்னொருத்தர் ரெண்டு பெட்டி கேட்டார். மறுபடியும் தம்பியிடம் ஐஸ் கேட்டேன். காலை பத்து மணி போல வந்தான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து உள்ளே தூவினான்.

"இன்னாடா அது?"

"கல்லுப்புக்கா."

"அது எதுக்குடா?"

"தூரமா போற பொட்டிக்கு இத்தப் போட்டுதான் அனுப்புவோம். மீனு கல்லு மாரி ஆயிடும். சும்மா ஐஸு இன்னா ஐஸு?"

"போன தபா?"

"போன தபாவும் போட்டேனே. நல்லா ஜில்லுனு கேட்டியே நீ. உனுக்குன்னு ரெண்டு கை சேர்த்தே போட்டேன்" என்று சிரித்தான்.

குல்ஃபி வண்டிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைக் கொட்டித்தானே குல்ஃபியை உறைய வைக்கிறார்? உப்பு விழுந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். சின்ன வயசிலிருந்து தெரியும். அந்தப் பெட்டிக்குள்ளே உப்பு இருக்கும் என்றுதான் தெரியாது. ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். மீன் ஐஸை எவள் நக்கிப் பார்ப்பாள்?

பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து நல்ல தண்ணீர் ஐஸை வாங்கிவந்து, ஏழாவது பெட்டியின் சென்சாரை முக்கினேன். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஐந்து காட்டியது. மலையில் நிஜமாகவே பூஜ்யம் ஆகும்போது என் பெட்டி, இன்னும் ஐந்து டிகிரி இருக்கிறது, பரவாயில்லை என்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். ரெண்டு ஆகிவிட்டது என்று அது முழிக்கும்போது அங்கே பூஜ்யத்துக்குக் கீழே மூன்று ஆகியிருக்கும். அதற்குள் பூ செத்துப் போகும். திருகை ஏழில் வைத்தால் சரியாகிவிடும். அவ்வளவுதான் வேலை, ஒரு திருகு.

"கஸ்மாலம், உன்ன யார்றா உப்பு போடச் சொன்னது?" என்று தம்பியைப் பிடித்துக் கத்தினேன். அவனுக்கு என்ன நடந்தது என்று புரிய வைப்பதற்கே கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் செத்துவிட்டது அவனுக்கு. வேலைக்கும் திரும்பிப் போகவில்லை, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மாவின் தோட்டத்தில் சிக்னல் கிடையாது. மத்தியானம் பஸ் நிற்கிற இடத்துக்கு ஏறி வந்து பையனிடம் பேசுவார், அந்த நேரத்தில்தான் லைன் கிடைக்கும். பன்னிரண்டு மணியிலிருந்து நான் போட ஆரம்பித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஒரு மணி. தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்தப் பொம்பளைக் குரலை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. கோழிப்பண்ணைக்காரருக்குப் போட்டேன், அவர் கல்யாணத்துக்காக மதுரையில் இருந்தார். புதிதாகப் பெட்டி கேட்டவரின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்று மணிக்குமேல் அந்த அம்மா இனி வரமாட்டார் என்று தெரிந்துவிட்டது.

"நான் கெளம்பட்டா?" என்றார் வீட்டுக்காரர். அவரே கணக்குப் போட்டுப் பார்த்துச் சொன்னார், "இப்ப பஸ் ஏறினாலும் நல்லா விடிஞ்சுதான்மே போய்ச் சேருவேன்."

ஃபோனில் அந்த ஊர் வானிலையைப் பார்த்தேன். தெளிந்த வானம் என்று போட்டிருந்தது. இந்தப் பக்கம் எண்ணூர் புகைபோக்கிப் புகை எங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கடல் காற்றில் துணி காயாத அந்தப் புழுக்கத்தில் நான் குளிரை நினைத்து நடுங்கினேன். சாயங்காலம் ராயபுரத்துக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எத்தனையோ கேட்டிருக்கிறேன் அவளிடம், மேகம் கேட்டது அன்றைக்குத்தான். மாதாவே, ஒரு துண்டு மேகம் போடு, ஒரு நாள் போதும். ராத்திரி கண்ணை மூடினால் வெள்ளைப் பூவாக வந்தது, அதனால் மூடவே இல்லை.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவரே கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன், வீட்டுக்காரரும், காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்ட தம்பியும் கேட்கட்டும் என்று.

"நேத்து போன் போட்டியாமே தாயி, மெசேஜு வந்துருக்கு. நேத்து கால்ல சுளுக்கு, மேல ஏறி வரல. ஒரு சேதி சொல்லணும். கீழ ரெண்டு வரிசையும் கருகிப் போச்சு."

நான் ஃபோனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"மேல நாலு வரிசையில அடுப்பே எரியல. அங்க அம்புட்டுக் குளிர் இல்ல, பூவு நல்லாருக்கு. கீழ, குளிர் இருந்த எடத்துல மட்டும் எரிஞ்சிருக்கு பாரு, புத்திசாலி அடுப்பு தாயி ஒன்னோடது. நான்தான் பாவி. கால் வலின்னு மாத்திரையப் போட்டுத் தூங்கிட்டேன். முழிச்சிருந்து கீழ ரெண்டு வரிசைக்கும் கூடக் கொஞ்சம் நெருப்பு மூட்டியிருந்தா காப்பாத்திருக்கலாம். எம் மேலதான் தப்பு."

வீட்டுக்காரர் என் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். ஃபோனைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார், "ஏயுல வெக்கச் சொல்லு. அது போதும். ஏன்னு எதுக்குச் சொல்லணும்? அவங்களே நம்பள நல்லதாத்தான் நெனச்சுகினு கீறாங்க."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கும் அது ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எம் மேலதான் தப்பு என்று அந்தக் குரல் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. அறுபது வயசு மனுஷி, சுளுக்கின காலோடு, என் தப்புக்குத் தன்னைத் திட்டிக்கொள்கிறார்.

"அம்மா, தப்பு உங்க மேல இல்ல. நான் பூஜ்யம் தப்பா வெச்சுட்டேன். ஐஸுல உப்பு கலந்திருந்துச்சு, நான் பார்க்கல. அடுப்பு புத்திசாலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மேலயும் எரிஞ்சிருக்கணும். கீழ ரொம்ப முன்னாடியே எரிஞ்சிருக்கணும். திருகை ஏழுல வைங்கம்மா, இன்னைக்கே."

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் ஒன்று கேட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஃபோனைப் பார்த்தேன்.

"உப்பா?" என்றார் கடைசியில்.

"மீன் ஐஸுமா. என் தம்பி கொண்டாந்தது. நல்லது செய்றதா நெனச்சு உப்பு போட்டுட்டான்."

"ஏழுலயா?"

"ஏழுல."

"ஆறு பெட்டிக்குமா?"

"ஆறுக்கும்மா."

"சரி" என்றார். வைத்துவிட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். தம்பி ஸ்டூலில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்காரர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு எதையோ வெல்டிங் செய்யப் போய்விட்டார், வேலை எதுவும் இல்லாமலே.

அடுத்த நாள் ஒரு வரி மெசேஜ், யாரையோ விட்டு டைப் பண்ணச் சொல்லியிருக்க வேண்டும். "மூணு மணிக்கு ஆறு வரிசையும் எரிஞ்சது, மேல பூ நிக்குது." அதற்கப்புறம் நான் போட்ட ஃபோனை அவர் எடுக்கவில்லை. நானும் ரெண்டு வாரம் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். எப்படியோ அந்தக் கோடை வந்துவிட்டது. ஆனால் ஐஸ் வண்டி தெருவில் போனால்கூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

ஜூன் மாசம் பஸ் பார்சலில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே பேப்பர் சுற்றி பிளம்ஸ், பாதி சிவப்பு, பாதி பச்சை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, தம்பி சாப்பிட வந்திருந்தான். நான் உடனே ஃபோன் போட்டேன், இந்தத் தடவை எடுத்தார்.

"வந்துருச்சா தாயி? மேல நாலு வரிசையில காச்சது. அந்த மரத்த மவன் தொடமாட்டேன்னுட்டான், காயைப் பாத்தான்ல. கீழ ரெண்டு வரிசைய வெட்டிட்டான். காட்டேஜுக்குக் கடக்கால் தோண்டிக்கிட்டு இருக்காங்க. போகட்டும்." கொஞ்சம் நிறுத்தினார். "பச்சைக் காயி புளிக்கும், உப்புத் தொட்டுத் தின்னுங்க. நான் உப்பு வெக்கல. அதான் ஒன் தம்பி இருக்கானே."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். ஸ்பீக்கரில் தம்பியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் சிரிக்கவில்லை. பெட்டியைக் கிளறி, இருப்பதிலேயே பச்சையான காய் ஒன்றை எடுத்தான். வீட்டுக்காரர் உப்பு டப்பாவை அவன் பக்கம் தள்ளினார்.

"வோணாம் மாமா" என்றான். புளிப்பில் கண்ணை இறுக்கிக்கொண்டு, கொட்டை வரைக்கும் அப்படியே தின்றான்.