நூல் சுற்றிய செங்கல்

அந்தச் செங்கல்லை வரிசையிலிருந்து எடுத்துப் போட்டது நீங்கள்தான் சார். தெரியாமல் கால் பட்டுவிட்டது என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பொய். தையல் மிஷினில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குனிந்து, இரண்டு கையாலும் எடுத்து, சாக்கடை ஓரம் வைத்தீர்கள். அந்த இடத்தில் உங்கள் வீட்டு நீலக் குடம் உட்கார்ந்தது.

வடமதுரையில் எங்கள் தெருவுக்கு ஒரே குழாய். எட்டு நாளோ பத்து நாளோ கழித்து மத்தியானம் தண்ணீர் வரும், வந்தால் ஒரு மணி நேரம். காலையிலேயே ஆளுக்கொரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். எது யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். என்னுடையது ஓட்டை விழுந்த இஸ்திரிப் பெட்டி. உங்களுடையது வீடு கட்டியபோது மிஞ்சிய டைல்ஸ் துண்டு. என் எதிர்வீட்டுக்காரி வைப்பது அரைச் செங்கல். அவள் வேலை பார்க்கும் மில்லின் கழிவு நூலை அதில் சுற்றியிருப்பாள். புருஷன் இல்லாதவள். ஷிப்ட் முடிந்து மில் வேன் அவளை இறக்கிவிடும்போது தண்ணீர் நிற்கிற நேரம் ஆகிவிடும். அவளுக்காக அந்தச் செங்கல் நிற்கும். அதன் முறை வந்தால் பக்கத்தில் இருப்பவர் அவள் குடத்தைப் பிடித்து வைப்பார்.

அதைத்தான் கதையாக எழுதினேன். கதையில் ஊரே வறண்டு போயிருக்கும். போலீஸ் இல்லை, ஆபீஸ் இல்லை, கல்வரிசை மட்டும் மிச்சம். அது இருக்கிறவரை யாரும் யார்மேலும் கை வைக்க மாட்டார்கள். திண்டுக்கல்லில் நீங்கள் நடத்தும் வாசகர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் அதைப் பற்றிப் பேசினீர்கள். "இது கல் இல்லை, நாகரிகம். கண்முன் இல்லாத ஒருத்திக்கு இடம் விட்டு வைக்கிறார்களே, அதுதான் நாகரிகம்" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்த தண்ணீருக்கே அவள் செங்கல்லை எடுத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டில் விருந்தாள் என்றார்கள். கேட்டிருந்தால் அவளே விட்டுக்கொடுத்திருப்பாள்.

வேனிலிருந்து இறங்கியதும் அவள் வரிசையைப் பார்த்தாள்.

"எக்கா, என் செங்கல எங்கக்கா?"

"அதுக்குக் காலு மொளச்சிருச்சுடி. சாக்கடையில குளிக்குது பாரு," என்றாள் பூக்காரி. நாலு பேர் சிரித்தார்கள்.

அவள் நேராக உங்களிடம் வந்தாள். "சார், அது என் எடம்."

"ஆள் நிக்கணும்மா. கல்லு நின்னா அது வரிசையா?"

"அப்ப ஒங்க டைல்சு மட்டும் என்னா சார், சாமி செலையா?"

கொஞ்ச நேரத்தில் குழாய் காற்றைத் துப்பி நின்றது. அவளுடைய இரண்டு குடமும் காலி. நான் ஒரு குடம் கொடுத்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் கதையைப் புகழ்ந்த மனுஷர் ஆயிற்றே என்று பொத்திக்கொண்டு இருந்தேன். அந்தக் கேவலம் என்னுடையது.

அதற்கடுத்த தண்ணீருக்கு வரிசையில் ஒரு கல்கூட இல்லை. விடிந்ததிலிருந்து எல்லோரும் குடத்தை இடுப்போடு இறுக்கிக்கொண்டு நின்றார்கள். கடைசி வீட்டுக்காரர் மண்வெட்டிக் காம்பு ஒன்றைக் கொண்டுவந்து குழாய்ச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"இது எதுக்குண்ணே?" என்று கேட்டேன்.

"சும்மா கெடக்கட்டும்."

அது இன்னும் அங்கேயேதான் சாய்ந்திருக்கிறது. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. என் கதையில் வரிசை கலைந்ததும் முதலில் வருவது ஒரு கம்புதான். அதை நான் கற்பனையாக எழுதினேன்.

எதிர்வீட்டுக்காரி அன்று மில்லுக்கு லீவு போட்டு நின்றாள். இன்னொரு நாள் வராவிட்டால் வேனில் ஏறவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை தண்ணீர் விடுவார்களாம். வேனில் ஏறுவதா, குழாயடியில் நிற்பதா? செங்கல்லைக் கழுவி என் மிஷினுக்கு அடியில் வைத்திருக்கிறேன். "திரும்ப வச்சா நிக்குமாக்கா?" என்று கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டம் இருக்கிறது. எங்கள் தெருவே வந்து முன்னால் உட்காரும். என் வீட்டுக்கு வந்து தனியாகச் சமாதானம் பேச வேண்டாம். அதே மேடையில், அதே மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: செங்கல்லை எடுத்தது யார்? திங்கட்கிழமை அந்த இடம் அவளுடையதா, இல்லையா?